முடிவான பிறகு வரும் அழைப்பு

2016 ஜனவரி நடுவில் ரே ஹார்ட்டன் ஒரு நேர்காணலுக்குப் போனார். அமெரிக்காவின் என்.எஃப்.எல். தொடரில் பத்து ஆண்டுகள் ஆடியவர், பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேல் பயிற்சியாளராக உழைத்தவர். அப்போது டென்னசி டைட்டன்ஸ் அணியின் தடுப்புப் பிரிவு அவர் பொறுப்பில் இருந்தது. தலைமைப் பயிற்சியாளர் இடம் காலியாக இருந்ததால் அவரையும் கூப்பிட்டார்கள். வேலை மைக் முலார்க்கிக்குப் போனது. தோற்றவர் ஒதுங்கிக்கொள்வதும் வென்றவர் வேலையைத் தொடங்குவதும் வழக்கம்தான். யாரும் பெரிதாகப் பேசவில்லை.

2020இல் ஒரு பாட்காஸ்ட் உரையாடலில் முலார்க்கியே வாய் திறந்தார். மற்றவர்களை நேர்காணல் செய்து முடிப்பதற்கு முன்பே, வேலை உனக்குத்தான் என்று உரிமையாளர் தரப்பு தன்னிடம் சொல்லிவிட்டது என்றார். அது தெரிந்தும் பேசாமல் இருந்ததற்காக வருந்துவதாகவும் சொன்னார். அணி நிர்வாகம் இதை மறுக்கிறது. தேர்வு நேர்மையாகத்தான் நடந்தது என்கிறது. ஹார்ட்டன் 2022இல் நீதிமன்றப் படி ஏறினார்.

ஹார்ட்டன் கறுப்பினத்தவர். முலார்க்கி வெள்ளையர். ஹார்ட்டனைப் போன்றவர்களுக்கு ஒரு வாய்ப்பாவது கிடைக்க வேண்டும் என்பதற்காகவே என்.எஃப்.எல். ஒரு விதியை வைத்திருக்கிறது. அதன் பெயர் ரூனி விதி. அதன் முதல் வடிவத்தின்படி, தலைமைப் பயிற்சியாளர் இடம் காலியானால், ஆளை நியமிப்பதற்கு முன் சிறுபான்மை இனத்தைச் சேர்ந்த ஒருவரையாவது நேர்காணல் செய்தாக வேண்டும். 20 ஆண்டுகளுக்கும் மேலாக நடைமுறையில் இருக்கும் இந்த விதி பலன் தந்திருக்கிறதா? உண்டு, இல்லை என்று ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியாது. ஆனால் எங்கே வேலை செய்கிறது, எங்கே கை விரிக்கிறது என்று ஓரளவு தெளிவாகவே சொல்ல முடியும்.

இங்கே நான் கால்பந்து என்று சொல்வது அமெரிக்கக் கால்பந்தை, அதாவது நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டத்தை. நாம் காலால் உதைத்து ஆடும் கால்பந்துக்குப் பின்னால் வருகிறேன். இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்ல வேண்டும். தமிழ்நாட்டு வாசகருக்கு இதைக் கேட்டதும் இடஒதுக்கீடு நினைவுக்கு வரும். இது அதுவல்ல. இடஒதுக்கீடு இடத்தையே தருகிறது. ரூனி விதி நேர்காணல் அறையில் ஒரு நாற்காலியைத் தருகிறது, அவ்வளவுதான். வேலையை யாருக்குக் கொடுப்பது என்பதில் அது தலையிடுவதே இல்லை. அதன் பலமும் பலவீனமும் இந்த ஒரு வேறுபாட்டில்தான் இருக்கின்றன.

விதி பிறந்த கதையை அறியாமல் அதை எடைபோட முடியாது. தொடர் தொடங்கியது 1920இல். அடுத்த ஆண்டே ஆக்ரன் அணியில் ஃப்ரிட்ஸ் பொல்லார்ட் என்ற கறுப்பின வீரர் பயிற்சியாளர் பொறுப்பையும் ஏற்றார். அதற்குப் பிறகு 1989 வரை ஒருவர்கூட இல்லை. அந்த ஆண்டு ரெய்டர்ஸ் அணி ஆர்ட் ஷெல்லை நியமித்தது. ஏறத்தாழ 70 ஆண்டு இடைவெளி. களத்தில் கறுப்பின வீரர்கள் பாதிக்கும் மேல் நிறைந்திருந்த காலத்திலும் பயிற்சியாளர் இருக்கையில் மாற்றம் வரவில்லை. 2002 வரை எண்ணினால்கூட ஷெல், டென்னிஸ் கிரீன், ரே ரோட்ஸ், டோனி டங்கி, ஹெர்ம் எட்வர்ட்ஸ் என்று ஐந்து பெயர்கள்தான்.

2001 ஆட்டக்காலம் முடிந்த கையோடு இவர்களில் இருவரின் வேலை பறிபோயிருந்தது. மினசோட்டாவில் டென்னிஸ் கிரீனுக்குப் பத்து ஆண்டுகளில் அதுதான் முதல் தோல்விக் காலம். டாம்பா பேயில் டங்கி ஆறு ஆண்டுகளில் நான்கு முறை அணியை இறுதிச் சுற்றுப் போட்டிகளுக்குக் கொண்டுபோனவர். இந்த நீக்கங்களைப் பார்த்த வழக்கறிஞர்கள் சைரஸ் மேரியும் ஜானி காக்ரனும் பென்சில்வேனியா பல்கலைக்கழகப் பொருளியலாளர் ஜானிஸ் மேடனிடம் கணக்குப் பார்க்கச் சொன்னார்கள். கணக்கு இப்படி வந்தது: அந்த ஐந்து கறுப்பினப் பயிற்சியாளர்களும் ஓர் ஆட்டக்காலத்துக்குச் சராசரியாக வெள்ளையர்களைவிட 1.1 ஆட்டம் கூடுதலாக வென்றிருக்கிறார்கள். 16 ஆட்டங்கள் கொண்ட காலத்தில் ஓர் ஆட்டம் என்பது பல நேரங்களில் இறுதிச் சுற்றுக்குள் போவதற்கும் வீட்டுக்குத் திரும்புவதற்கும் உள்ள தூரம். அந்தக் கணக்கு எனக்குச் சொல்வது இதுதான்: மற்றவர்களைவிட மேலான கறுப்பினத்தவரை மட்டுமே உள்ளே விட்டார்கள், மற்றவர்களைவிட விரைவாக வெளியே அனுப்பினார்கள்.

வழக்கு வரும் என்ற எச்சரிக்கையோடு அறிக்கை வெளியானது. லீக் ஒரு குழு அமைத்தது. அதன் தலைவர் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியின் உரிமையாளர் டேன் ரூனி. 2002 டிசம்பரில் விதி ஏற்கப்பட்டது. அவர் பெயரே அதற்கு நிலைத்தது. அடுத்த சில வாரங்களிலேயே முதல் சோதனை வந்தது. டெட்ராய்ட் லயன்ஸ் அணி ஸ்டீவ் மரியூச்சியைக் கொண்டுவருவது என்று முடிவு செய்திருந்தது. கறுப்பினப் பயிற்சியாளர்களை அழைத்தார்கள். ஐந்து பேர் வரமாட்டோம் என்று சொல்லிவிட்டதாக நிர்வாகமே விளக்கம் தந்தது. முடிவான வேலைக்கு யார் போவார்கள்? அணி நிர்வாகத்தின் தலைவர் மேட் மில்லனுக்கு 2,00,000 டாலர் அபராதம் விழுந்தது. பின்னால் 20 ஆண்டுகளாக வெடிக்கப்போகும் எல்லாச் சிக்கலும் இந்த முதல் சம்பவத்திலேயே இருந்தது.

முதல் சில ஆண்டுகள் நம்பிக்கை தந்தன என்பதை மறைக்கக் கூடாது. 2002 ஆட்டக்காலத்தில் 32 அணிகளில் இரண்டு கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர்கள். 2006இல் ஏழு பேர். 2007 பிப்ரவரியில் நடந்த சூப்பர் பவுல் இறுதியாட்டத்தில் எதிரெதிரே நின்ற டங்கியும் லவ்வி ஸ்மித்தும் கறுப்பினத்தவர்கள். அதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் ரூனியின் சொந்த அணி மைக் டாம்லினை நியமித்திருந்தது. வயது 34. ஒரே ஓர் ஆண்டுதான் தடுப்புப் பிரிவை நடத்தியவர். அணிக்குள்ளேயே கென் விசன்ஹன்ட், ரஸ் கிரிம் என்று இரண்டு வலுவான போட்டியாளர்கள் இருந்தார்கள். டாம்லின் நேர்காணலில் பேசிய விதம் ரூனியைக் கவர்ந்தது. இரண்டாம் ஆண்டிலேயே சூப்பர் பவுல் வென்று தந்தார்.

விதியை ஆதரிப்பவர்கள் எல்லோரும் முதலில் எடுத்துக்காட்டுவது டாம்லினைத்தான். நானும் எடுத்துக்காட்டுகிறேன். ஆனால் ஒரு விவரத்தைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். டாம்லினை அழைப்பதற்கு முன்பே ஸ்டீலர்ஸ் ரான் ரிவேராவை நேர்காணல் செய்துவிட்டது. ரிவேரா லத்தீன அமெரிக்க வம்சாவளி. விதி கேட்டது அத்தோடு நிறைவேறிவிட்டது. டாம்லினை அழைக்கும்படி எந்த விதியும் ரூனியைக் கட்டாயப்படுத்தவில்லை. அவர் உண்மையிலேயே தேடிக்கொண்டிருந்தார். மனத்தில் முன்கூட்டியே ஒரு பெயரை எழுதிவைக்காதவரின் முன் அறிமுகமில்லாத ஒருவர் வந்து உட்கார்ந்தால் நேர்காணல் எதையும் மாற்றும். எழுதிவைத்துவிட்டவரின் முன் டாம்லினே வந்தாலும் ஒன்றும் நடக்காது. விதியால் ஆளைக் கூட்டிவந்து உட்காரவைக்க முடிகிறது. எதிரே இருப்பவரைத் தேட வைக்க முடிவதில்லை.

2012 ஆட்டக்காலம் முடிந்ததும் எட்டுத் தலைமைப் பயிற்சியாளர் இடங்களும் ஏழு பொது மேலாளர் இடங்களும் காலியாயின. விதி 2009 முதல் பொது மேலாளர் பதவிக்கும் விரிக்கப்பட்டிருந்தது. எல்லா அணிகளும் நேர்காணல் நடத்தின. பதினைந்து இடங்களில் ஒன்றுகூடச் சிறுபான்மையினருக்குப் போகவில்லை. 2018 ஜனவரியில் ரெய்டர்ஸ் ஜான் குரூடனைப் பத்தாண்டு ஒப்பந்தத்தில் அழைத்துவந்தது. பேச்சு எப்போதோ முடிந்திருந்தது என்பது ஊரறிந்த செய்தி. நடுவில் நேர்காணல்களும் நடந்தன. விதி மீறப்படவில்லை என்று லீக் அறிவித்தது. தமிழில் இதற்குப் பொருத்தமான ஒரு சொல் இருக்கிறது: கண்துடைப்பு. ஆளை முடிவு செய்துவிட்டுப் பத்திரிகையில் விளம்பரம் கொடுக்கும் நிறுவனங்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இரவெல்லாம் தயாரித்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு, நம்பிக்கையோடு போய் உட்கார்கிறாரே, அவருக்கு நேரும் அவமானம்தான் என்னை இந்த விஷயத்தில் அதிகம் உறுத்துகிறது. வாய்ப்பு மறுக்கப்படுவதோடு முடியவில்லை. வாய்ப்பு கொடுத்தோம் என்பதற்குச் சாட்சியாகவும் அவரையே நிறுத்துகிறார்கள்.

ஆய்வாளர்கள் என்ன சொல்கிறார்கள்? விதிக்கு முந்தைய காலத்தோடு ஒப்பிட்டால், காலியான தலைமை இடத்தைச் சிறுபான்மையினர் நிரப்பும் வாய்ப்பு சுமார் 20 சதவீதம் கூடியிருக்கிறது என்கிறது சிந்தியா டுபாயின் ஆய்வு. 2011இல் வந்த சோலோ, சோலோ, வாக்கர் மூவரின் ஆய்வு வேறு இடத்தில் நின்று பார்க்கிறது. தாக்குதல் பிரிவுக்கோ தடுப்புப் பிரிவுக்கோ பொறுப்பாளராக ஏற்கெனவே உயர்ந்துவிட்டவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால், அங்கிருந்து தலைமைக்குப் போவதில் இனம் பெரிய தடையாகத் தெரியவில்லை, விதியின் தாக்கமும் தெரியவில்லை என்பது அவர்கள் முடிவு. இரண்டையும் முரண் என்று ஒதுக்கிவிடலாம். நான் அப்படிப் பார்க்கவில்லை. இரண்டாவது ஆய்வு நம் கண்ணை ஒரு படி கீழே திருப்புகிறது: அந்தப் பொறுப்பாளர் பதவிக்கே வருவது யார்?

இங்கேதான் விஷயம் செறிவாகிறது. கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளாக உரிமையாளர்கள் தேடுவது தாக்குதல் ஆட்டம் வகுக்கத் தெரிந்த இளைஞர்களை. 2017இல் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் 30 வயது ஷான் மெக்வேயை நியமித்து வெற்றி கண்டதும் எல்லோருக்கும் ஒரு மெக்வே தேவைப்பட்டார். அந்தப் பாதையின் முதல் படி குவார்ட்டர்பேக் பயிற்சியாளர் பதவி. குவார்ட்டர்பேக் என்பவர் தாக்குதல் ஆட்டத்தின் மூளை. நெடுங்காலம் பள்ளிப் பருவத்திலிருந்தே கறுப்பினச் சிறுவர்களை அந்த இடத்தைவிட்டு வேறு இடங்களுக்கு மாற்றிவந்தார்கள்; ஓடுவதற்கு நீ, யோசிப்பதற்கு அவன் என்ற பழைய எண்ணம். அதனால் ஓய்வுபெற்ற கறுப்பின வீரர்கள் பயிற்சியாளராகும்போதும் ஓடுபவர்களையும் தடுப்பவர்களையும் பயிற்றும் வேலைக்கே போனார்கள். உரிமையாளர்கள் தேடும் படியில் அவர்கள் நிற்கவே இல்லை. மேல்படியில் மட்டும் கட்டாய நேர்காணல் வைத்தால், கீழே யாரையும் ஏற்றாத ஏணியின் உச்சியில் நின்று கை நீட்டுவதாகத்தான் ஆகும்.

ஏணியில் ஏறிவிட்டவர் கதை எப்படி? எரிக் பியனமியைப் பார்ப்போம். கன்சாஸ் சிட்டி சீஃப்ஸ் அணியில் 2018 முதல் 2022 வரை தாக்குதல் பிரிவுப் பொறுப்பாளர். அந்தக் காலத்தில் அணி இரண்டு சூப்பர் பவுல் வென்றது. அவருக்கு முன் அதே நாற்காலியில், அதே தலைமைப் பயிற்சியாளர் ஆண்டி ரீடின் கீழ் இருந்த டக் பீடர்சன் ஃபிலடெல்ஃபியாவுக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போனார். மேட் நேகி சிகாகோவுக்குப் போனார். இருவரும் வெள்ளையர். பியனமி பத்துக்கும் மேற்பட்ட அணிகளோடு நேர்காணலில் உட்கார்ந்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. ஆட்டத்தில் உத்திகளை அறிவிப்பது பெரும்பாலும் ரீட்தான் என்று காரணம் சொன்னார்கள். பீடர்சனுக்கும் நேகிக்கும் அந்தக் காரணம் குறுக்கே நிற்கவில்லையே? ஒரு தனிமனிதரைத் தேர்ந்தெடுக்காததற்கு ஆயிரம் நியாயமான காரணங்கள் இருக்கலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒருவருக்கே இத்தனை முறை கதவு திறந்து, இத்தனை முறையும் மூடியிருக்கிறது என்றால், நேர்காணல் குறைவதுதான் பிரச்சினை என்று இனியும் சொல்ல முடியாது.

விதியின் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு இடம், வேலையை விட்டு அனுப்பும் நேரம். ஜிம் கால்டுவெல் டெட்ராய்டில் நான்கு ஆண்டுகளில் 36 வெற்றி, 28 தோல்வி. தோல்விக்குப் பேர்போன அந்த அணிக்கு இது பெரிய கணக்கு. கடைசி இரண்டு ஆண்டும் 9-7. போதாது என்று 2018 ஜனவரி பிறந்ததும் அனுப்பிவிட்டார்கள். அவருக்குப் பின் வந்த மேட் பட்ரீஷியா 13 வெற்றி, 29 தோல்வி. கால்டுவெல்லுக்கு இன்னொரு தலைமைப் பதவி வரவே இல்லை. அரிசோனாவில் ஸ்டீவ் வில்க்ஸுக்குக் கிடைத்தது ஒரே ஆண்டு. அவர் இடத்துக்கு வந்த கிளிஃப் கிங்ஸ்பரி, டெக்சஸ் டெக் கல்லூரி அணியில் வெற்றியைவிடத் தோல்வி அதிகமாகி நீக்கப்பட்டவர். ஹூஸ்டனில் டேவிட் கல்லிக்கு ஓர் ஆண்டு, அடுத்து லவ்வி ஸ்மித்துக்கு ஓர் ஆண்டு. 2024 ஆட்டக்காலம் ஒன்பது சிறுபான்மைத் தலைமைப் பயிற்சியாளர்களோடு தொடங்கியது. அதுவரை இல்லாத எண்ணிக்கை. அந்தக் காலம் முடிவதற்குள்ளும் முடிந்த உடனேயும் ராபர்ட் சாலே, ஜெராட் மேயோ, அன்டோனியோ பியர்ஸ் மூவரும் வெளியே. மேயோவுக்கும் பியர்ஸுக்கும் முழுநேரப் பொறுப்பில் கிடைத்தது ஒரே ஆண்டு. நியமனங்களை மட்டும் எண்ணுகிறவர்கள் விதி வென்றது என்பார்கள். வாளியில் ஊற்றும் தண்ணீரை அளந்தவர்கள் ஓட்டையை அளக்கவில்லை.

மேடனும் மேத்யூ ரூதரும் 2011இல் மறுபடி கணக்குப் பார்த்தபோது, விதி வந்த பிறகு கறுப்பினப் பயிற்சியாளர்களின் அந்தக் கூடுதல் வெற்றி மறைந்துவிட்டதைக் கண்டார்கள். முதலில் கேட்கும்போது கெட்ட செய்திபோல் இருக்கும். எனக்கு இது விதியின் உண்மையான சாதனையாகப் படுகிறது. சராசரித் திறமையுள்ள வெள்ளையருக்குக் கிடைக்கும் வேலை, அதே சராசரித் திறமையுள்ள கறுப்பினத்தவருக்கும் சில காலம் கிடைத்திருக்கிறது. சமத்துவம் என்பது மேதைகளுக்கு மட்டும் கதவு திறப்பதல்ல.

லீக் சும்மா இருக்கவில்லை. 2020இல், அணிக்கு வெளியிலிருந்து குறைந்தது இருவரை அழைக்க வேண்டும் என்று விதியை இறுக்கியது. இந்த இரண்டு என்ற எண்ணுக்குப் பின்னால் ஒரு தர்க்கம் இருக்கிறது. பல்கலைக்கழகம் ஒன்றின் ஆசிரியர் நியமனங்களை ஆராய்ந்து 2016இல் வந்த ஓர் ஆய்வில், இறுதிப் பட்டியலில் நான்கு பேரில் ஒரே ஒருவர் பெண்ணாக இருந்தால் அவர் தேர்வாகும் வாய்ப்பு ஏறத்தாழ இல்லவே இல்லை என்று தெரிந்தது. இருவர் இருந்தாலோ நிலைமை தலைகீழ். ஒருவர் தனியாக நின்றால் விதிக்காக வந்தவராகத் தெரிகிறார். இருவர் நின்றால்தான் அவரவர் திறமை கண்ணில் படுகிறது. ஆனால் 2025 ஜனவரியில் நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் என்ன செய்தது? அந்த ஆண்டு எந்த அணியிலும் வேலையில் இல்லாத இரண்டு கறுப்பினப் பயிற்சியாளர்களை அழைத்துப் பேசியது. பிறகு எல்லோரும் எதிர்பார்த்தபடி மைக் வ்ரேபலை நியமித்தது. ஒன்றை இரண்டாக்கினாலும் முன்முடிவு முன்முடிவுதான்.

2020இல் வந்த இன்னொரு மாற்றம் எனக்கு அதிக நம்பிக்கை தருகிறது. ஓர் அணி தான் வளர்த்த சிறுபான்மைப் பயிற்சியாளரை இன்னோர் அணிக்குத் தலைமைப் பொறுப்பில் இழந்தால், புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் வரிசையில் அதற்குக் கூடுதல் இடங்கள் கிடைக்கும். சான் ஃபிரான்சிஸ்கோ 49ஏர்ஸ் இப்படிப் பலமுறை பலன் பெற்றது. சாலே, மைக் மெக்டேனியல், டெமிகோ ரயன்ஸ் எல்லோரும் அங்கிருந்து புறப்பட்டவர்களே. ஹூஸ்டனில் ஓராண்டு நீக்கங்கள் இரண்டுக்குப் பிறகு வந்து அந்த அணியை நிமிர்த்தியவர் இதே ரயன்ஸ். 2022 முதல் ஒவ்வோர் அணியும் தாக்குதல் பிரிவில் சிறுபான்மையினர் அல்லது பெண் ஒருவரை உதவிப் பயிற்சியாளராக வைத்திருக்க வேண்டும் என்ற விதியும் இதே வழியில் வந்தது. இவை கீழ்ப்படியைத் தொடுகின்றன.

இங்கிலாந்துக் கால்பந்து இதே விதியை இரவல் வாங்கியது. அங்கே களத்தில் கறுப்பின வீரர்கள் நிறைந்திருக்க, மேலாளர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். 2010இல் நியூகாசில், தன்னை முதல்நிலைத் தொடருக்கு உயர்த்திய கிறிஸ் ஹியூட்டனை அணி 11ஆம் இடத்தில் இருந்தபோதே அனுப்பியது. கால்டுவெல் கதை எங்கும் உண்டு. தேசிய அணி சார்ந்த பணிகளுக்கு இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் 2018இல் ரூனி விதியை ஏற்றது. ஈ.எஃப்.எல். எனப்படும் கீழ்நிலைத் தொடர்கள் சோதனை முயற்சிக்குப் பிறகு 2019இல் நிரந்தரமாக்கின. ஆனால் ஒரு வரி சேர்த்தார்கள்: விண்ணப்பதாரர் பட்டியல் தயாரிக்கப்படும் இடத்தில் மட்டும் விதி பொருந்தும். மேலாளரை நீக்கிய மறுநாளே தெரிந்தவரைத் தொலைபேசியில் கூப்பிட்டு வேலை கொடுக்கும் பழக்கம் ஊறிய ஓர் ஆட்டத்தில், பட்டியலே போடாமல் இருந்துவிடுவது எத்தனை எளிது! அங்கும் எனக்குப் பயனுள்ளதாகப் படுவது வேறொன்று: 2020இல் தொடங்கி, ஆண்டுக்கு ஆறு பேரை 23 மாதம் கிளப்புகளில் சம்பளத்தோடு பயிற்சியாளர் வேலையில் அமர்த்தும் திட்டம்.

அமெரிக்காவில் 2022 பிப்ரவரி 1 அன்று பிரையன் புளோரஸ் தொடுத்த வழக்கு எல்லாவற்றையும் மேசைமேல் கொட்டியது. மயாமியில் தொடர்ந்து இரண்டு வெற்றிக் காலங்கள் தந்த பிறகு நீக்கப்பட்டவர் அவர். நியூயார்க் ஜயன்ட்ஸ் நேர்காணலுக்கு மூன்று நாள் முன்பு, அவருடைய பழைய குரு பில் பெலிச்சிக்கிடமிருந்து வாழ்த்துக் குறுஞ்செய்தி வந்தது. வேலை கிடைத்ததாக வாழ்த்து. ஆனால் அனுப்ப நினைத்தது இன்னொரு பிரையனுக்கு, பிரையன் டேபலுக்கு. வேலையும் டேபலுக்கே போனது. ஜயன்ட்ஸ் குற்றச்சாட்டை மறுக்கிறது. அன்றைய தேதியில் தொடரில் மிஞ்சியிருந்த ஒரே கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர் டாம்லின். லீக் மீது வழக்குப் போட்டவரைச் சேர்த்துக்கொள்ள யார் துணிவார்கள் என்று எல்லோரும் நினைத்த அந்த மாதத்திலேயே புளோரஸுக்கு உதவிப் பயிற்சியாளர் வேலை கொடுத்தவரும் அவர்தான். வில்க்ஸும் ஹார்ட்டனும் ஏப்ரலில் வழக்கில் சேர்ந்தார்கள்.

லீக்கின் வாதம், இதை லீக்கை நடத்தும் எங்கள் ஆணையரே நடுவராக இருந்து தீர்ப்பார் என்பது. 2025 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஜயன்ட்ஸ், டென்வர், ஹூஸ்டன் அணிகள் மீதும் லீக் மீதும் புளோரஸ் வைத்த குற்றச்சாட்டுகளைத் திறந்த நீதிமன்றத்தில் விசாரிக்கலாம் என்றது. யாரை அழைத்தீர்கள் என்று மட்டுமே ரூனி விதிக்குக் கேட்கத் தெரியும். எப்போது முடிவு செய்தீர்கள் என்று, உரிமையாளர்களின் கடிதங்களையும் குறுஞ்செய்திகளையும் வரவழைத்து, சத்தியப் பிரமாணத்தின்மேல் கேட்க நீதிமன்றத்துக்கு முடியும்.